உங்கள் கருத்துக்கு நன்றி

"இப்படி ஒரு புருஷனை வெச்சுகிட்டு எப்படித்தான் குடித்தனம் பண்றாங்களோ, பாவம்!" என்றான் கிஷோர், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"யாரு?" என்று கேட்டபடி தோசைத் தட்டை அவன் பக்கத்தில் வைத்தாள் அவன் மனைவி ரஞ்சிதா.

"யாருன்னு தெரியாது. எங்களுக்குப் பேரைக் காட்ட மாட்டாங்க, ஆளுக்கு ஒரு நம்பர்தான்."

நாவலூரில் கிஷோர் வேலை பார்க்கும் கம்பெனி, புதிதாக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் தயார் செய்துகொண்டிருந்தது. முழுதாக வெளிவருமுன் அதன் சோதனைப் பதிப்பை, விரும்பியவர்களுக்கு இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். அது அடிக்கடி மக்கர் பண்ணும். பண்ணும்போதெல்லாம் திரையின் மூலையில் சின்னதாக ஒரு பெட்டி திறந்து, 'என்ன குறை? எங்களிடம் சொல்லுங்கள்' என்று கேட்கும். தமிழில் வருகிற குறைகளைப் படிப்பது கிஷோரின் வேலை. சனிக்கிழமைகளில் மாமல்லபுரம் வீட்டில் உட்கார்ந்தே படிப்பான்.

"என்னங்க, உங்ககிட்ட ஒரு விஷயம் கேட்டிருந்தேனே, ஞாபகம் இருக்கா?"

"சிலிண்டர்தானே? புக் பண்ணிடறேன்."

"அது போன மாசம்."

"சரி, இரு. இதைக் கேளு. எங்க ஆபீஸே இந்தம்மாவுக்கு ரசிகர் மன்றம் வெச்சிருக்கு." வாசித்தான். "'அணைத்துவிட்டுத் திறந்தால், நேற்றுச் சொன்னதெல்லாம் இதற்கு மறந்துபோகிறது. என் கணவரும் இப்படித்தான். அவரை அணைக்கிற வசதிகூட இல்லை.'"

சிரித்துவிட்டு அவளைப் பார்த்தான். ரஞ்சிதா சிரிக்கவில்லை.

"இன்னொண்ணு. 'எதைக் கேட்டாலும் திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. இதோ வருகிறேன் என்று அர்த்தமாம். எங்கள் வீட்டில் அந்த வட்டம் கல்யாணமான நாளிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது.'"

"தோசை ஆறுது."

"இதோ." தட்டைத் தொடவில்லை. "என்கூட வேலை பார்க்கிற பாலா இல்ல, அவன் இதைப் படிச்சுட்டு, 'இன்னா மச்சான், கம்ப்யூட்டர்ல குறை சொல்லுன்னா, இந்தம்மா புருஷனைப் பிரிச்சு மேஞ்சுகினு கீது'ன்னான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

"அவங்க சிரிக்கிறதுக்காக எழுதலையோ என்னவோ."

கடற்காற்றில் ஜன்னல் கதவு ஒரு தரம் அடித்துக்கொண்டது. கிஷோர் உடனே எழுந்து போய்க் கொக்கியை மாட்டிவிட்டு வந்தான்.

"என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்ல."

"மதுரைப் பக்கமா இருக்கணும். அம்பது வயசு இருக்கும். புருஷன் ஏதாவது மண்டி வெச்சிருக்கிற முரட்டு ஆளு. எழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிடுவேன் நான்."

ரஞ்சிதா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அந்த மனுஷன்கிட்டயே நேரா சொல்லலாமே?"

"சொன்னா காதுல வாங்கற ஆளா இருந்தா, கம்ப்யூட்டர்கிட்ட ஏன் சொல்லிகிட்டு இருக்காங்க? கொஞ்சம் யோசிச்சுப் பேசு ரஞ்சி."

"அதுவும் சரிதான்."

"இன்னைக்குக் காலையில வந்ததுதான் மனசைப் பிசையுது." அவன் குரல் இறங்கியது. "'எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை வந்திருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் என் அம்மா வீட்டில் தங்கிப் போகவேண்டும். சேரட்டுமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பதிலில்லை. மதியத்துக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். என்ன குறை என்று என்னைக் கேட்பது நீங்கள் ஒருவர்தான். அதனால் உங்களையே கேட்கிறேன். சேரட்டுமா?'"

கிஷோர் மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"என்ன பதில் போடுவீங்க?" ரஞ்சிதா மெதுவாகக் கேட்டாள்.

"வழக்கமா, 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு தானாவே போயிடும். ஆனா எனக்கு மனசு கேக்கல. மேனேஜர் ஜெயக்குமார் சாருக்குப் போன் பண்ணேன். 'இது ஒண்ணுக்கு மட்டும் நீயே எழுதிடு, யார் எழுதினதுன்னு போடாதே'ன்னார்."

விறுவிறுவென்று தட்டினான். முடித்ததும் உரக்கப் படித்தான்.

"'அம்மா, அவர் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். கூடவே இருப்பவர் பேசுவது காதில் விழாத மனிதரிடம் சம்மதம் கேட்பது வீண். இப்போதே சரி என்று சொல்லிவிடுங்கள். அவர் சமைத்துச் சாப்பிடக் கற்றுக்கொள்ளட்டும்.' எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. கடைசி வரியை எடுத்துட மாட்டீங்களே?"

"ஏன் எடுக்கணும்? அந்த ஆளுக்கு அது வேணும்!"

அனுப்பினான்.

உள்ளே, படுக்கையறையில் இருந்த ரஞ்சிதாவின் லேப்டாப் 'டிங்' என்றது. அதில் சோதனைப் பதிப்பைப் போட்டுக்கொடுத்தவன் கிஷோர்தான். போட்டதோடு மறந்துபோயிருந்தான்.

ரஞ்சிதா உள்ளே போனாள். நிதானமாக ஒருமுறை படித்தாள். பிறகு போனில் பேசிக்கொண்டே வெளியே வந்து அவனுக்கு எதிரில் நின்றாள்.

"செங்கல்பட்டு ஸ்கூலுங்களா? ரஞ்சிதா பேசறேன் சார். திங்கட்கிழமை வந்து சேர்ந்துடறேன்... ஆமா சார், வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டேன். எழுதியே குடுத்துட்டார்."