ஆளுக்கொரு தாள்

“ரெண்டு மாடி ஏறினது போதும். கீழ்வீடா ஒண்ணு பார்த்து...”

“இந்த வீட்டை விட்டு நான் எங்கேயும் வர்றதா இல்லை.”

“முழுசாச் சொல்ல விடேன்.”

“முப்பது வருஷமா நீங்கதானே முழுசாச் சொல்லிட்டிருக்கீங்க?”

கணவர் அலமாரியிலிருந்து இரண்டு வெள்ளைத் தாள்களை எடுத்து, ஒன்றை அவளிடம் நீட்டினார். கல்யாணமான புதிதில் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அது. குரல் ஏறினால் ஆளுக்கொரு தாள், ஆளுக்கொரு அறை. எழுதி முடிக்காமல் வெளியே வரக்கூடாது.

முதல் சண்டைக்கு அவர் மூன்றே வரி எழுதிவிட்டு, அசடு வழியக் கதவருகே நின்றது ஞாபகம் வந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

பேனா முதலில் முரண்டு பிடித்தது. பிறகு தானாக ஓடியது. கடைசி வரியில் அவள் கை நின்றுவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“வேற வீடு பார்த்துடலாங்க.”

கூடத்தில் காத்திருந்தவர் தலையசைத்து மறுத்தார். “வேண்டாம்மா. இங்கேயே இருந்துடுவோம்.”

தாள்களை மாற்றிக்கொண்டார்கள். ஒப்பந்தப்படி ஒவ்வொருவரும் எழுத வேண்டியது அடுத்தவர் பக்கத்து நியாயத்தை.

அவள் கையெழுத்தில் அவர் பேசினார்: ‘முட்டி வலியோடு இவள் படியில் மூன்று இடத்தில் நிற்கிறாள். பின்னால் வரும் நான் பார்க்காததுபோல நடிக்கிறேன்.’

அவர் கையெழுத்தில் அவள் பேசினாள்: ‘இவர் வேலை முடிந்து வருவதை இந்த ஜன்னலில் நின்றுதான் தினமும் பார்த்தேன்.’

“அதெல்லாம் முடியாது, மாறித்தான் ஆகணும்” என்றாள் அவள்.

“இந்த ஜன்னலை விட்டு நான் வர மாட்டேன்” என்றார் அவர்.

குரல் மறுபடி ஏறியது. அவர் அலமாரியைத் திறந்தார்.

“அதெல்லாம் சரி,” என்றாள், “இப்போ யார் பக்கத்தை யார் எழுதறது?”