பொம்மைத் தம்பி

விளக்குகள் எரிந்தன. கூரைக்கு மேலே யாரோ இரும்புத் தகட்டை அடித்துக் குண்டுச் சத்தத்துக்கு ஒத்திகை பார்த்தார்கள்.

பதுங்குகுழி போலப் போட்டிருந்த செட்டுக்குள் எட்டு வயதுச் சிறுமி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பொம்மை. படத்தில் அது அவளுடைய தம்பி.

டைரக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சத்தம் கேட்டதும் வாய்விட்டு அழ வேண்டும். அவ்வளவுதான்.

கேமராவுக்குப் பின்னால் அவளுடைய அம்மா ஒரு சட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். படக்குழுவின் தையல்காரி அவள். கூட வந்த மகளின் கண்களைப் பார்த்துவிட்டு டைரக்டர்தான் நடிக்கக் கேட்டார். அம்மா சாக்குப்போக்குச் சொல்லிப் பார்த்தாள். மகள் நடிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள்.

சத்தம் வெடித்தது.

சிறுமி அழவில்லை. பொம்மையை மார்போடு இறுக்கி, அதன் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். மூக்கும் சேர்ந்து மூடிக்கொண்டது. சத்தம் அடங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை.

டைரக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கோபப்படாமல், ஏன் அழவில்லை என்று கேட்டார்.

"அழுதா வெளியில கேட்டுடும்ல? தம்பி அழுதப்போ அம்மா இப்படித்தான் பொத்தினாங்க. அப்புறம் அவன் அழவே இல்ல."

டைரக்டர், அம்மாவாக நடிப்பவளைத் திரும்பிப் பார்த்தார். தான் எதுவும் சொல்லித்தரவில்லை என்று அவள் உதட்டைப் பிதுக்கினாள். கதையில் அப்படி ஒரு காட்சியே இல்லையே என்றார் உதவி இயக்குநர். குழந்தை தானாகக் கட்டிச் சொல்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது, வைத்துக்கொள்ளலாம் என்றார் கேமராக்காரர்.

தையல்காரியின் கையிலிருந்து சட்டை நழுவியது.

தம்பி காய்ச்சலில் போய்விட்டான் என்றுதான், போரிலிருந்து உயிர் தப்பி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து மகளிடம் சொல்லிவந்தாள். சொல்லிச் சொல்லி, சில நாட்களில் அவளுக்கே அது உண்மை போலத் தோன்றும். அன்று அந்த நிஜப் பதுங்குகுழிக்குள், அப்போது மூன்று வயதான மகள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று நம்பியிருந்தாள்.

அவள் செட்டுக்குள் போய் மகளின் முன்னால் மண்டியிட்டாள். பொம்மையின் முகத்திலிருந்து அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

மகள் குனிந்து, பொம்மையின் வாயருகே காதை வைத்துக் கேட்டாள்.

பிறகு, ஒன்றும் புரியாமல் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.