பெடலைத் தொட்டாலே பறக்கும்

காரை ஷெட்டுக்குள் குறுக்கே நிறுத்திவிட்டு, இறங்கும்போதே அவர் கத்த ஆரம்பித்துவிட்டார்.

"யோவ் மெக்கானிக்! உனக்கு மனசாட்சி இருக்கா?"

பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்தார் மெக்கானிக். "என்ன சார் ஆச்சு?"

"என் தங்கச்சி வீட்டுக்காரர் வண்டியில என்னய்யா பண்ணித் தொலைச்சே? காலையில தெரியாத்தனமா அதுல ஏறிட்டேன். பெடலைத் தொடத்தான் செய்றார், சிக்னல்ல வெடுக்குன்னு பாயுது. 'பாத்தீங்களா மச்சான், பிக்கப்பை!'ன்னு இளிப்பு வேற. எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு."

"பிக்கப் பத்தலைன்னு கேட்டார் சார். வச்சுக் கொடுத்தேன்."

"கேட்டா கொடுத்துடுவியா? குரங்கு கையில கொள்ளிக்கட்டையைக் கொடுத்த மாதிரி! தங்கச்சிக்கு இது ஏழாம் மாசம்யா. தினம் அந்த வண்டியிலதான் வேலைக்குப் போறா. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா..."

குரல் உடைந்துவிட்டது. தங்கை என்றால் அவருக்கு உயிர். மாப்பிள்ளை என்றால் அவ்வளவு சிலாக்கியமில்லை.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தார். "என் வண்டியும்தான் போன மாசம் நீ சர்வீஸ் பண்ணதுலேர்ந்து பறக்குது. நேத்து பைபாஸ்ல ஒருத்தனையும் முன்னாடி விடலை. ஆனா நமக்குன்னு ஒரு பொறுப்பு இருக்கு. அவருக்கு?"

"பறந்தீங்களா சார்? சந்தோஷம்" என்றார் மெக்கானிக், முகத்தை ரொம்ப ஒழுங்காக வைத்துக்கொண்டு.

பிறகு கையைத் துடைத்தபடி அருகில் வந்தார். "பயப்படாதீங்க. இஞ்சின் அதே பழைய இஞ்சின்தான். லேசா மிதிச்சாலே துள்ளிக் கிளம்புற மாதிரி பெடலை மட்டும் மாத்தியிருக்கேன். அந்த முதல் துள்ளலோட சரி. எண்பதுக்கு மேல போகாம பூட்டும் போட்டாச்சு."

"ஸ்பீடு முள்ளு காட்டிக் கொடுத்துடாதா?"

"முள்ளைப் பாத்தாத்தானே சார்? பக்கத்து வண்டிக்காரன் நம்மளைப் பாக்குறானான்னுதான் பாப்பாங்க."

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"துள்ளுறதுக்கும் ஓடுறதுக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம்! யாருய்யா உனக்கு இந்த யோசனையைச் சொன்னது? தங்கச்சியா?"

"இல்ல சார், உங்க வீட்டம்மா. 'எங்க வீட்டுக்காரர் வண்டிக்குப் போட்டதையே அந்த அண்ணன் வண்டிக்கும் போட்டுடுங்க. மாசம் ஒண்ணாச்சு, இவரு இன்னும் கண்டுபிடிக்கலை'ன்னாங்க."