இருபத்துமூன்றாம் எண் மரம்

ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த மரக் கணக்கெடுப்பைத் தோட்ட வடிவமைப்பாளர் தன் அலுவலகக் கணினியில் ஏற்றியதும், திரையில் இருபத்துமூன்று வட்டங்கள் முளைத்தன. ஒவ்வொரு வட்டமும் ஒரு மரம். இருக்க வேண்டியதற்குப் பச்சை, வெட்ட வேண்டியதற்குச் சிவப்பு.

“என் ஊஞ்சல் வர்ற இடத்துல ஒண்ணு நிக்குதே,” என்றார் வீட்டுக்கார அம்மாள். “இருபது வருஷமா நச்சரிச்சு இப்பத்தான் ஒரு ஊஞ்சலுக்கு வழி பிறந்திருக்கு.”

“ஊஞ்சலை நாலடி தள்ளிப் போட்டுக்கலாம்மா.”

“நான் எதுக்குத் தள்ளிப் போகணும்? அப்படி என்ன உசத்தி மரம் அது?”

வடிவமைப்பாளர் இருபத்துமூன்றாம் எண் வட்டத்தின் விவரத்தைப் பார்த்தார். “ஆறடிக்குக் கொஞ்சம் மேல. பூ, காய்னு எதுவும் பதிவாகல.”

“அப்புறம் என்ன யோசனை? சிவப்பைப் போடுங்க.”

வட்டம் சிவந்தது. மறுநாள் வெட்டுவதற்கு ஆட்கள் வருகிறார்கள். எதற்கும் அது என்ன மரமென்று பார்த்துச் சொல்லும்படி, அம்மாள் வீட்டிலிருந்த கணவருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

“அந்த இடத்துலதான் நிக்கறேன். இங்க மரமும் இல்ல, மட்டையும் இல்ல,” என்றார் கணவர். “ட்ரோன் பறந்த அன்னிக்குக்கூட, பச்சைக் குடையைப் பிடிச்சுக்கிட்டு, இதே இடத்துல ரெண்டு மணி நேரம் அசையாம நின்னு வேடிக்கை பார்த்தேனே.”

வடிவமைப்பாளர் அவசரமாக மவுஸைப் பிடித்தார். “தப்பு நடந்துபோச்சும்மா. கம்ப்யூட்டர் சாரைப் போய் மரம்னு நினைச்சிருக்கு. இப்பவே அழிச்சிடறேன்.”

“அழிக்க வேண்டாம்,” என்றார் அம்மாள். “பச்சைக்கு மாத்திடுங்க. ஊஞ்சலை ஆட்டிவிட ஆள் வேணும்ல.”