அம்மா எடுத்த ஐந்து புத்தகங்கள்

அநியாயம் நடந்தது சின்னவளுக்கு. கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டிக்குள் அவள் பத்திரமாக வைத்திருந்த ஐந்து மாங்கா என்னும் ஜப்பானியப் படக்கதைப் புத்தகங்களை, ஒரு வார்த்தை கேட்காமல் அம்மா எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் பல்கலைக்கழக விடுதியிலிருந்து வந்த பெரியவள், தோள்பையைக்கூட இறக்கவில்லை, அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. சின்னவள் வாயால் சொல்லவில்லை. காலிப் பெட்டியைத் திறந்து காட்டினாள், அவ்வளவுதான்.

புதுப் பள்ளியில் சேர்ந்த இரண்டு மாதமாக அவளிடமிருந்து 'ம்', 'வேண்டாம்' இரண்டைத் தவிர எதையும் பிடுங்க முடியவில்லை. அம்மா கெஞ்சிப் பார்த்தாள், அப்பா அதட்டிப் பார்த்தார், வகுப்பாசிரியை தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். பதினைந்து வயதுப் பெண் கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருந்தாள்.

மனசு நொந்துபோன பள்ளிப்பிள்ளைகள் நாலு பேரைப் பற்றிய கதை அந்த மாங்கா. அந்தக் கண்றாவியைப் படித்துத்தான் பெண் இப்படி ஆனாள் என்று மாமா தீர்ப்பு எழுதியிருந்தார். எதற்கும் கைவசம் ஒரு காரணம் வைத்திருப்பவர் அவர்.

பெரியவள் விடுவாளா? வாதம் கிடைத்தால் அவளுக்குச் சாப்பாடு வேண்டாம். அம்மாவுக்கு மருத்துவமனையில் சீட்டுப் போடும் கவுண்டரில் வேலை. மூன்று மணிக்கு அவள் வீடு திரும்பும்வரை பெரியவள் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பாயின்ட் சேர்த்தாள்.

அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பமாகிவிட்டது. அடுத்தவர் பெட்டியைத் திறப்பது என்ன நாகரிகம், பதினைந்து வயதுக்காரிக்கு அந்தரங்கம் என்று ஒன்று கிடையாதா, ஜுரம் அடித்தால் தெர்மாமீட்டரைத் தூக்கிப் போடுவாயா, மாமா சொன்னால் வேதவாக்கா.

அம்மா முகம் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். துடைத்துக்கொண்டு, "கேட்காம எடுத்தது தப்புதான்" என்றாள்.

சேர்த்து வைத்ததில் பாதி அங்கேயே வீணாய்ப் போயிற்று.

"இவ்வளவு பேசறியே, நீ அதைப் படிச்சியா?"

"படிச்சாத்தான் பேசணுமா? இது கொள்கைப் பிரச்சினை."

"நான் படிச்சேன்" என்றாள் அம்மா.

அவளுடைய கைப்பையிலிருந்து ஐந்தும் வெளியே வந்தன. ஒரு மூலை மடங்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அடுக்கினாள். அறைவாசலில் வந்து நின்ற சின்னவளை அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. தட்டைப் போட்டுக்கொண்டு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் பேச ஆரம்பித்தாள். கதை ஒன்றும் பிடிபடவில்லையாம். அந்தக் குட்டைமுடிப் பெண் முதலில் தோழியோடு சிரித்துக்கொண்டிருக்கிறாளாம். போகப் போக அவளை உதறிவிட்டு, மாடிப்படிக்கு அடியில் போய்த் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம்.

"நல்லா இருந்த பொண்ணு. திமிரு, வேறென்ன?"

பெரியவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மாங்காவை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்று அறைத்தோழியைப் பார்த்து அவளுக்கே தெரியும். அம்மாவோ முழுக்கதையையும் வாலிலிருந்து தலைக்குப் படித்துவிட்டு, ஒரு தீர்ப்பும் சொல்கிறாள். எடுத்துச் சொல்லப் பெரியவள் மூச்சை இழுத்தாள்.

"தப்பு."

சொன்னது அவள் இல்லை.

சின்னவள் மேசைக்கு வந்து முதல் புத்தகத்தைத் திருப்பி வைத்தாள். "நீ பின்னாலேர்ந்து படிச்சிருக்கேம்மா. இதுதான் ஆரம்பம். அவ முதல்லதான் படிக்கட்டுக்கு அடியில இருக்கா. அப்புறம்தான் ஒருத்தி வந்து பக்கத்துல உக்கார்றா. திமிரெல்லாம் இல்ல."

"வகுப்புலயே உக்காந்து சாப்பிட வேண்டியதுதானே?"

"எப்படி உக்காருவா? அவ போய் உக்காந்தா எல்லாரும் எழுந்து வேற பெஞ்சுக்குப் போயிடுவாங்க. அடிக்க மாட்டாங்க, திட்ட மாட்டாங்க. சும்மா எழுந்து போயிடுவாங்க. இதை டீச்சர்கிட்ட என்னன்னு சொல்றது?"

அம்மாவின் கை தட்டில் அப்படியே நின்றது. "இது எந்தப் பக்கத்துல வருது கண்ணு?"

சின்னவள் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"புத்தகத்துல இல்ல" என்றாள். "எங்க வகுப்புல."

அதன்பின் இரண்டு மாதமும் மொத்தமாகக் கொட்டியது. அம்மா குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை, நாற்காலியை மட்டும் அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பெரியவள், நம்பினால் நம்புங்கள், அரைமணி நேரம் வாயே திறக்கவில்லை. திங்கட்கிழமை அம்மா லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கு வருவது, சின்னவள் பக்கத்திலேயே இருப்பது, அவள் சரி என்று தலையசைத்தால்தான் வகுப்பாசிரியையிடம் பேசுவது என்று முடிவாயிற்று.

"ஆறாவது பாகமும் இருக்கு. அது உன் கையில மாட்டல" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள் சின்னவள். எடுத்துவர உள்ளே ஓடினாள்.

பெரியவள் அப்போதுதான் அந்தப் புத்தகங்களில் ஒன்றை முதன்முதலாகக் கையில் எடுத்தாள். மனசு இளகித்தான் இருந்தது. ஆனாலும் விட முடியவில்லை.

"அம்மா, இங்க பாரு. 'நில்லுங்கள், இது கடைசிப் பக்கம், மறுபுறத்திலிருந்து தொடங்குங்கள்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. அதைக்கூடப் பார்க்காமயா அஞ்சு புத்தகத்தையும் படிச்சே?"

அம்மா உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பார்த்தேன். நேராத்தான் படிச்சேன், ரெண்டு தடவை. கவுண்டர்ல வந்து நிக்கிறவங்க சிலபேர் என்ன கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டாங்க. அப்ப நான் 'வயசு எழுபதுன்னு போட்டுக்கறேன்'னு சொல்லுவேன். 'எழுபதா? அம்பத்தெட்டு'ன்னு திருத்த வாயைத் திறப்பாங்க பாரு, அப்புறம் எங்க வலிக்குதுன்னு அவங்களே சொல்லிடுவாங்க."