மனுவின் அடியில் ஒரு கைநாட்டு

"பெருவிரல வைங்கக்கா. அந்தக் கைநாட்டு யாரோடதுன்னு தெரிஞ்சா, அவங்களுக்கு இன்னையோட வேல இல்லையாம்" என்றான் அஃப்ஹம், தலையைக் குனிந்தபடி.

தலவாக்கலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் அவன் கிளார்க். பிரதிப் பதிவாளர் ஐயா சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்லும் பாவமும் அவன் தலையில்தான்.

நேற்றுக் காலை ஐயாவின் கதவில் தமிழ் மனு ஒன்று ஒட்டியிருந்தது. பெயர் இல்லை. அடியில் நீல மையில் கலங்கலாக ஒரு கைநாட்டு. வாசித்துக் காட்டட்டுமா என்று அஃப்ஹம் கேட்டான். தோட்டத்து ஆட்கள் என்ன பெரிதாக எழுதிவிடப் போகிறார்கள், ஆளைப் பிடித்தால் போதும், மிஷினில் எல்லோர் ரேகையையும் எடுத்து மனுவோடு ஒப்பிடலாம் என்றுவிட்டார் ஐயா. படித்த மனிதர்!

வரவு பதியும் மிஷின் முன்னால் துப்புரவுப் பெண்கள் பதினான்கு பேரும் தோட்டத்தில் காலையில் பேர் பதியும் பெரட்டுக்கு நிற்பதுபோல் வரிசையாக நின்றார்கள். வேடிக்கை பார்க்க அலுவலகமே கூடிவிட்டது.

முதல் ஆள் வினோதா. இருபது வருடம் கொழுந்து பறித்தவள், ஆறு வருடமாக இங்கே கழிவறை கழுவுகிறாள். மூன்று பிள்ளைகளுக்கும் அவள் சம்பளம்தான் சோறு. உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் விரலை வைத்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது; ரேகை பதியவில்லை.

அடுத்தவளுக்கும் சிவப்பு. விரலில் எண்ணெய் பூசி வந்திருக்கிறார்கள் என்று ஐயா சவர்க்காரம் வரவழைத்தார். கழுவி வைத்தார்கள். பதினான்கு பேருக்கும் சிவப்புத்தான். மிஷின் பழுதோ என்று ஐயா தன் விரலை வைத்தார். பச்சை எரிந்து, "ஸ்தூதியி" என்று மரியாதையாக நன்றி சொன்னது.

என்ன வித்தை செய்தீர்கள் என்று கேட்கச் சொன்னார்.

"வித்தையெல்லாம் இல்ல தம்பி. இப்பவாவது அந்த மனுவ வாசிச்சுக் காட்டுங்க" என்றாள் வினோதா.

ஐயா வேண்டாவெறுப்பாகத் தாளை நீட்டினார். அஃப்ஹம் உரக்க வாசித்தான். பிறகு அதையே சிங்களத்தில், அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"கொழுந்தும் கழிவறை அசிட்டும் எங்கள் ரேகையைத் தின்றுவிட்டன. நாங்கள் தினமும் வந்தும் மிஷின் விரலை எடுக்காததால், வேலைக்கு வராதவர்கள் என்று நிறுத்தப் பார்க்கிறீர்கள். நம்பாவிட்டால் ஐயா ஒரே ஒரு நாள் பக்கத்தில் நின்று, எங்களை விரல் வைக்கச் சொல்லிப் பாருங்கள்."