கச்போல் பரம்பரை

பரம்பரை இல்லாதவனுக்கும் பரம்பரை அடித்துக் கொடுப்பதுதான் வாகீசனின் தொழில். புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த அஜின்கோர்ட்டில், ஒரு பிளாசாவில் சின்னக் கடை. குடும்பப் பெயரைச் சொன்னால் போதும். ஒரு கேடயம், ஒரு வீரக்கதை, கீழே லண்டன் அரண்மனை முத்திரை எல்லாம் தயார். வெள்ளைக்காரருக்குக் கேடயத்தில் சிங்கம். நம்மவர்களுக்கு மயில்; சிங்கம் போட்டால் சிங்களக் கொடி என்று ஒருவரும் வாங்கமாட்டார்கள்.

அந்த முத்திரை கள்ள முத்திரை என்று யாரோ பொலிஸில் முறைப்பாடு கொடுத்ததாகக் அவன் கேள்விப்பட்டிருந்தான். பிடிபட்டால் மறியலில் கம்பி எண்ண வேண்டியதுதான். அதனால் முன்பின் தெரியாதவர்களிடம் வாயைத் திறப்பதில்லை.

அன்று வந்தவள் தமிழ்ப் பெண். பெயர் செரீனா கச்போல் என்றாள்.

"கச்போலோ? உது எந்த ஊர்ப் பேர், தங்கச்சி?"

"என்ர மனுசன் வெள்ளைக்காரர், அண்ணை. அவற்ற பேர். இங்கிலாந்திலயே கொஞ்சப் பேருக்குத்தான் இருக்காம். அவற்ற பிறந்தநாளுக்கு ஒரு கேடயம் வேணும்."

"அரச பரம்பரை போல கிடக்கு" என்று பட்டும் படாமலும் சொல்லி வைத்தான்.

செரீனா சிரித்தாள். "சும்மா இருங்கோ. கோழி பிடிக்கிறவன் எண்டுதான் அர்த்தம். பழைய பிரெஞ்சுச் சொல்லாம். அந்தக் காலத்தில வீடு வீடாப் போய்க் கோழியைத் தூக்கிக்கொண்டு போற ஆக்களாம்."

வாகீசனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அப்படியென்றால் கோழிக்கள்ளன் குடும்பம். பாம்பின் கால் பாம்பறியும். கள்ளன் வீட்டு மருமகள் காட்டிக்கொடுக்கவா போகிறாள்? ஊருக்கெல்லாம் பொய்ப் பரம்பரை விற்றவன், இந்த ஒரு பரம்பரையை மட்டும் அப்படியே நம்பினான்.

"அப்ப நீங்கள் எங்கட ஆக்கள்தான்" என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "கோழிக்கள்ளனைக் கோமகனாக்கித் தாறன், பாருங்கோ. கடுதாசியைத் தேத்தண்ணியில ஊறப்போட்டு எடுத்தால் நானூறு வருசப் பழசு."

"அரண்மனை முத்திரை?"

"அது ரெக்ஸ்டேலில, என்ர வீட்டுப் பேஸ்மென்றில அடிக்கிறது."

"நீங்களேயோ அடிக்கிறியள்?"

"வேற ஆர்?" வாகீசன் பெருமையோடு மீசையைத் தடவினான்.

செரீனா எழுந்தாள். "ஒரு சின்னத் திருத்தம், அண்ணை. அவை கோழி களவெடுத்த ஆக்கள் இல்லை. வரி கட்டாமல் ஏய்ச்சவன்ர கோழியைப் பிடிச்சுக்கொண்டு போன அரசாங்கச் சேவகர். பிறகு ஆளையே பிடிக்கத் தொடங்கிட்டினமாம்."

"ஆளையோ?" என்றான் வாகீசன்.

"மனுசன்ர பேரை எடுத்தால், குலத்தொழிலையும் எடுக்கத்தானே வேணும்" என்றபடி அவள் தன் பொலிஸ் அட்டையை மேசையில் வைத்தாள்.